யூட்டாவில் ஒரு பிஸ்டல் வாங்கிய கதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மாநிலப் பறவை உண்டு, மாநில மலர் உண்டு. 2011 முதல் மாநிலத் துப்பாக்கியும் உண்டு. அரசுச் சின்னங்களின் பட்டியலில் ஒரு துப்பாக்கியை முதன்முதலில் சேர்த்த மாநிலம் இதுதான். அந்தத் துப்பாக்கி, எம்1911 என்ற செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். அதை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரவுனிங், சால்ட் லேக் சிட்டிக்கு வடக்கே ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஆக்டன் ஊர்க்காரர்.

அந்த மாநிலத்தில் நான் தங்கியிருந்தபோது என் அக்கா மகள் ஒரு பிஸ்டல் வாங்கினாள். அதைத் தேர்ந்தெடுக்கவும் கைக்குப் பழக்கவும் அவள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தேன். துப்பாக்கியோடு எனக்கு அதுவரை இருந்த பரிச்சயம், பேங்க் வாசலில் காவலாளி தோளில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு சரி.

சால்ட் லேக் சிட்டி, மார்மன் என்ற மதப்பிரிவினரின் கோவிலை மையமாக வைத்து வகுத்த ஊர். கோவிலிலிருந்து எந்தத் திசையில் எத்தனையாவது தெரு என்பதே முகவரி. 1847-இல் வந்து குடியேறியவர்கள் மாட்டு வண்டி திரும்ப இடம் விட்டுப் போட்ட தெருக்கள் இன்றும் அகலமாகவே கிடக்கின்றன. கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர். சித்திரை பிறந்த பிறகும் உச்சியில் பனி. மேற்கே உப்பு ஏரி. காற்று அங்கிருந்து திரும்பினால் ஓர் அழுகல் வாடை வரும். ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, பழகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் வெளியூர். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. அன்றைக்கு முடிவெடுத்தாள். மாப்பிள்ளைக்கு இதில் சம்மதம் இல்லை, எனக்கும்தான். சொல்லிப் பார்த்தேன். "நீங்க ஒரு ராத்திரி இந்த வீட்ல தனியா படுத்துப் பாருங்க மாமா, அப்புறம் பேசலாம்" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கடைக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்க எதையும் கையில வாங்கக் கூடாது. பாத்தாப் போதும்." கண்டிப்பு இல்லை, சட்டம். விசிட்டர் விசாவில் அமெரிக்கா போனவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். எச்1பி விசாவில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே தடைதான். முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் தடை இல்லை. அவள் குடியுரிமை வாங்கி வெகு காலம் ஆயிற்று.

கடை பெரிய மளிகைக் கடை அளவு இருந்தது. ஒரு பக்கம் மீன்பிடித் தூண்டில்கள், கூடாரங்கள், பனிக்கால பூட்ஸ். மறுபக்கம் நீண்ட கண்ணாடி மேஜை. அதற்குள் பிஸ்டல்கள் வரிசையாக, விலைச் சீட்டோடு. சந்தடியே இல்லை. கைக்குழந்தையோடு ஒரு தம்பதி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விற்பனையாளர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் ஒரு குட்டிப் பிஸ்டலை எடுத்து வைத்தார். பெண்கள் இதைத்தான் விரும்பி வாங்குகிறார்களாம். அவளுக்கும் பிடித்துவிட்டது. இலேசானது, பார்க்கவும் அழகு. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் வாடகைக்குச் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது நல்லதாயிற்று. அங்கே சுடுதளங்களில் பல வகைப் பிஸ்டல்களை மணிக் கணக்குக்கு வாடகைக்குத் தருகிறார்கள். தோட்டாவுக்குத் தனிக் காசு.

நம் ஊர் நிலவரம் நினைவுக்கு வந்தது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமத்துக்கு விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து, கலெக்டரோ கமிஷனரோ மனம் இரங்கினாலும், 9 எம்.எம். பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. தடை செய்யப்பட்ட குண்டளவு அது. பாயின்ட் 32-ஓடு நிற்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் அதையும் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். யூட்டாவில் 2021 மே மாதத்திலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பிய யாரும் உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். ஒரு நாள் பயிற்சிகூடக் கட்டாயம் இல்லை. இரண்டும் இரு துருவங்கள். நம் கெடுபிடியே எனக்குச் சரி என்று படுகிறது. அவளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள்.

அடுத்து அவளுக்கு விடுமுறை கிடைத்த நாளில் ஆக்டனுக்குப் போனோம். யோசனை என்னுடையது. வாங்கப் போகிற பொருள் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு வாங்கலாமே என்றேன்.

ஃபிரன்ட்ரன்னர் என்ற இரட்டை அடுக்கு ரயில். மேல் அடுக்கில் உட்கார்ந்தால் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் ஏரிக்கரைச் சதுப்பு. ஊரைத் தாண்டியதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள். பிறகு ஃபார்மிங்டன் அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் ராட்சத ராட்டினங்கள். கிளியர்ஃபீல்டு பக்கம் விமானப்படைத் தளம் இருப்பதால் போர் விமானங்களின் இரைச்சல். எதிர் இருக்கையில் சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர் தூங்கிக்கொண்டே வந்தார்.

ஆக்டன் ரயிலால் வளர்ந்த ஊர். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணியை 1869 மே 10-ஆம் தேதி அடித்த புராமன்டரி, இங்கிருந்து வடமேற்கே அதிக தூரம் இல்லை. அதன் பிறகு ஆக்டன் பெரிய சந்திப்பாயிற்று. 1924-இல் கட்டிய யூனியன் ஸ்டேஷன் இன்று அருங்காட்சியகங்களின் கட்டடம். எதிரே நேராக ஓடும் 25-ஆம் தெரு ஒரு காலத்தில் சாராயத்துக்கும் சூதுக்கும் பேர்போனது. இப்போது காபிக் கடைகள்.

பிரவுனிங்கின் துப்பாக்கிகள் அந்த ஸ்டேஷன் கட்டடத்துக்குள்தான். அவர் அப்பா ஜோனத்தானும் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் கூட்டத்தோடு இடம்பெயர்ந்து வந்தவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். ஜான் 1855-இல் பிறந்து அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்தார். 24 வயதில், 1879-இல், முதல் காப்புரிமை. அந்த ரைபிளை வின்செஸ்டர் கம்பெனி விலைக்கு வாங்கியது. சாகும்போது அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் சுடும்போது, குழல் வாயிலிருந்து வரும் வாயுவின் வேகத்தில் எதிரே இருந்த கோரைப்புற்கள் சாய்ந்தனவாம். ஒவ்வொரு குண்டுக்கும் இத்தனை சக்தி வீணாகிறதே என்று தோன்றியதாம். பிறகு செய்ததெல்லாம் அந்த வீணை வேலைக்கு வைத்ததுதான். பிஸ்டலில், பின்னோக்கி உதைக்கும் உதையையே பிடித்தார். குழலை, அதாவது பேரலை, மேலிருந்து மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்ற பாகம் அவர் தந்தது. குண்டு முன்னே போகும்போது ஸ்லைடும் பேரலும் பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் நகரும். குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் பேரலின் பின்முனை கீழே தாழும், பூட்டு விடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே ஓடிக் காலித் தோட்டாவை வெளியே எறியும். ஸ்பிரிங் தள்ள முன்னே வரும்போது, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த குண்டுக்கு விரலை விட்டுத்தான் மறுபடி இழுக்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் என்பது அவ்வளவுதான்.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் வைத்த சோதனையில் அவருடைய பிஸ்டல் 6,000 குண்டுகளை ஒரு தடங்கல் இல்லாமல் சுட்டது. கொதிக்கும்போது தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்தார்கள். 1985-இல் பெரெட்டா என்ற பிஸ்டல் அதன் இடத்தைப் பிடிக்கும்வரை அதுவே ராணுவத்தின் பிஸ்டல். 1914-இல் சாராயேவோவில் இளவரசரைக் கொன்று முதல் உலகப் போருக்கு வழி திறந்தவனின் கையில் இருந்ததும் பிரவுனிங் வடிவமைத்து பெல்ஜியத்தில் செய்த பிஸ்டல்தான். அந்த பெல்ஜியத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே 1926 நவம்பரில் அவர் இறந்தார். அவர் பாதியில் விட்ட வடிவத்தை அதே தொழிற்சாலையின் டியூடொன்னே சேவ் முடிக்க, அது 1935-இல் ஹை பவர் என்று வெளிவந்தது. நம் ராணுவமும் போலீசும் காலம் காலமாக இடுப்பில் செருகியிருந்த 9 எம்.எம். பிஸ்டல், இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் அந்த ஹை பவரின் அச்சாகச் செய்தது. தமிழ் சினிமாவில் இன்ஸ்பெக்டர்கள் நீட்டுகிற பிஸ்டலின் பூர்விகம் இந்தப் பெல்ஜியத் தொழிற்சாலை.

அவள் கண்ணாடிப் பெட்டிகளை என்னைவிட வேகமாகப் பார்த்து முடித்துவிட்டாள். ஆனால் ஒன்றைக் கவனித்துச் சொன்னாள்: "மாமா, அப்ப பின்னால உதைக்கறப்போ நம்ம கை அசையாம நின்னாத்தான் இது வேலையே செய்யும், இல்லையா?" அது எவ்வளவு சரி என்று சுடுதளத்தில் தெரிந்தது.

சுடுதளம் ஒரு தொழிற்பேட்டைக்குள், ஜன்னல் இல்லாத கட்டடம். பயிற்சி தருபவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரம்மா. நரைத்த குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. வந்ததும் அவள் உடையைத்தான் பார்த்தார். கழுத்து இறக்கமான சட்டையை மாற்றச் சொன்னார். வெளியே தெறிக்கும் காலித் தோட்டா கொதிச் சூட்டில் இருக்கும். சட்டைக்குள் விழுந்தால் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டே குதிப்பார்களாம். நான் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால். அங்கும் காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடி. இரண்டும் போட்டும் முதல் வெடிச் சத்தம் நெஞ்சில் அடித்தது.

முதலில் அந்தக் குட்டிப் பிஸ்டல். 7 கஜத்தில் காகித இலக்கு. சுட்டவுடன் அவள் மணிக்கட்டு மேலே எகிறியது. மேலும் சில குண்டுகளில் அழகெல்லாம் போய்விட்டது. எடை குறைந்தால் உதை கூடும். பிடி குட்டை என்பதால் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை. பழகிய கைக்காரர்கள் மறைத்து வைத்துக்கொள்ள வாங்கும் சாமானைத் தொடக்கக்காரர் தலையில் கட்டுகிறார்கள் என்று போலீஸ்காரம்மா முகம் சுளித்தார்.

அடுத்து மாநிலத் துப்பாக்கியான 1911. எல்லாம் இரும்பு, ஒரு கிலோவுக்கு மேல். உதை மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் நீட்டிப் பிடித்த கை சற்று நேரத்தில் நடுங்கியது. பெரெட்டாவில் முதல் இழுப்பு கனம், அடுத்தவை இலேசு. இரண்டையும் தனித்தனியாகப் பழக வேண்டும், விரலும் எட்டவில்லை. கடைசியில் கிளாக் 19. கேஸ்டன் கிளாக் என்ற ஆஸ்திரியர், அதற்குமுன் துப்பாக்கியே செய்திராதவர், பிளாஸ்டிக் உடலில் ஒரு பிஸ்டல் செய்து 1982-இல் தம் நாட்டு ராணுவத்துக்குக் கொடுத்தார். அதன் சற்றுச் சிறிய வடிவம் இந்த 19. உள்ளே பேரல் தாழ்ந்து பூட்டு விடுகிற வித்தை பழைய ஆக்டன் வித்தையே.

கை அளவு பார்க்கும் முறையைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் கவட்டை, பிடியின் உச்சியில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்த பிறகு சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை விசையில் படிய வேண்டும். எட்டாமல் கையைத் திருப்பிப் பிடித்தால் உதை நேரே கட்டைவிரல் மூட்டுக்குப் போகும். மேகசின் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா? ஸ்லைடை இழுக்க முடிகிறதா? இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் அசையவே இல்லை. நான்கு விரலும் உள்ளங்கையும் சேர்த்து மேலிருந்து பற்றி, மறுகையால் பிஸ்டலை முன்னே தள்ளச் சொன்னார், ஓடிவிட்டது. விளம்பரத்தில் வரும் எந்த எண்ணிலும் இந்தச் சமாசாரம் இல்லை. கையில் வைத்துப் பார்க்காமல் பிஸ்டல் வாங்குவது பணத்தைக் கரியாக்குவது.

கிளாக்கைத்தான் வாங்கினாள். 500, 600 டாலருக்குள் முடிந்தது. படிவம் 4473 என்று ஒன்று: குற்றத் தண்டனை உண்டா, போதைப் பழக்கம் உண்டா, உனக்காகத்தான் வாங்குகிறாயா என்று வரிசையாகக் கேள்விகள். பொய் சொன்னால் அதுவே குற்றம். மாநிலக் குற்றப் பதிவுத் துறையிலிருந்து சில நிமிடங்களில் பதில் வந்தது. நம் ஊரில் கேஸ் இணைப்புக்கு இதைவிடக் கூடுதலாக அலைந்திருக்கிறேன்.

புதுப் பிஸ்டல் புதுப் பிஸ்டலாகவே நடந்துகொண்டது. மேகசின் ஸ்பிரிங் விறைப்பு. கடைசி இரண்டு மூன்று தோட்டாவைத் திணிப்பதற்குள் கட்டைவிரல் சிவந்துவிடும். அதற்கென்று பெட்டிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறார்கள். ஸ்லைடைக் கழற்றினால் உள்ளே செம்பு நிறத்தில் மசகு அப்பியிருந்தது. அழுக்கென்று துடைக்கப் போனவளைப் போலீஸ்காரம்மா தடுத்தார். தொழிற்சாலை வேண்டுமென்றே போட்டது, பாகங்கள் ஒன்றோடொன்று இழைந்து பழகும்வரை இருக்கட்டும் என்றார்.

முதல் சில மேகசின்களிலேயே அடைப்பு. காலித் தோட்டா வெளியேறாமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாக நின்றது. பிஸ்டலில் கோளாறு என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். போலீஸ்காரம்மா அதே பிஸ்டலை வாங்கிச் சுட்டார். ஓர் அடைப்பும் இல்லை. மணிக்கட்டு தளர்ந்திருந்ததுதான் காரணம். கை பின்னே போய்க் கொடுத்தால் ஸ்லைடு ஓட வேண்டிய வேகம் அதில் கரைந்துவிடும். ஆக்டனில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்தது: சுடுகிறவர் கையும் சேர்ந்ததுதான் இந்த இயந்திரம்.

குண்டுகள் எல்லாம் இலக்கின் இடது கீழ்ப்பக்கமே போய்க்கொண்டிருந்தன. அதற்கு ஒரு சோதனை வைத்தார். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு வெடிக்காத போலித் தோட்டாவைக் கலந்து மேகசினில் போட்டார். எப்போது எது வரும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்று வெடித்தது, இன்னொன்று வெடித்தது, மூன்றாவதில் வெறும் 'டிக்'. வெடிக்காத அந்தக் கணத்தில் பிஸ்டலின் மூக்கு தானாகக் கீழே குத்தியதைத் தடுப்புக்குப் பின்னாலிருந்த நானே பார்த்தேன். உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்து அமுக்குகிறது. அவளுக்கு நம்பவே முடியவில்லை. இந்தப் பயத்தை யாரும் வாயால் சொல்லிப் போக்க முடியாதாம். எலுமிச்சம்பழத்தின் கடைசிச் சொட்டைப் பிழிகிற மாதிரி விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, எப்போது வெடிக்கும் என்பதை எதிர்பார்க்காமலே இருக்கப் பழக வேண்டும்.

பாதிப் பழக்கம் வீட்டில்தான், குண்டே இல்லாமல். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, பிஸ்டலின் தோட்டா அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவியும் பார்த்து, வெறும் விசையை இழுத்துப் பழகுவது. முனையில் இருக்கும் குறிமுள் அசையாமல் நிற்க வேண்டும். இந்தப் பிஸ்டலைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கும் விசையை இழுத்தாக வேண்டும். உள்ளே ஒரு தோட்டா தங்கியிருப்பதை மறந்து இழுத்தவர்கள் சுவரையும் தொடையையும் துளைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வடிவத்தில் பிடிக்காத இடம் இது. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர் வகுத்த நான்கு விதிகளை அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள்: எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது, அழிக்க மனமில்லாத எதன் மீதும் முனையைத் திருப்பாதே, குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்கு வெளியே, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்து சுடு. சுட்டு முடித்ததும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதே என்று போலீஸ்காரம்மா ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருந்தார். தோட்டாவில் ஈயம் இருக்கிறது.

பிஸ்டலை எங்கே வைப்பது என்பதில்தான் மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம். தலையணைப் பக்கம் இழுப்பறையில் என்றாள் அவள். அன்று மாப்பிள்ளை சொன்னது சரி. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனை எதிர்பார்த்து வாங்கிய துப்பாக்கி, வீட்டுக்குள் இருப்பவர் ஒருவரின் மோசமான ஒரு ராத்திரிக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மனது சரியில்லாத காலத்தில் துப்பாக்கியை உள்ளூர்ப் போலீசிடம் கொடுத்து வைக்க யூட்டா சட்டமே இடம் தருகிறது. கடைசியில் எண் அழுத்தித் திறக்கும் இரும்புப் பெட்டி ஒன்று வந்தது. கட்டில் காலோடு சேர்த்துத் திருகிவிட்டார்கள். தோட்டா வேறு அலமாரியில்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர்களுக்கும் மாமன்மார்களுக்கும் இரண்டு விஷயம். சுடுதளத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், தடுப்புக்குப் பின்னாலிருந்து பாருங்கள். போட்டோவுக்காகக்கூடத் துப்பாக்கியைக் கையில் வாங்காதீர்கள், உங்கள் விசாவுக்கு அது ஆகாது. பேரப்பிள்ளைகளோடு தங்கப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பெட்டி பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அங்கே அக்கம்பக்கத்துத் தாய்மார்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.